ஜும்மா நேரத்தில் ஓடிய கம்ப்யூட்டர்

1. ஜன்னலில் பூனை

"மேடம், கொஞ்சம் உடனே வாங்க. கடை மானம் போவுது" என்று சலீம் பாய் போன் செய்தபோது, நான் அபிராமபுரத்தில் ஒரு ஆடிட்டர் வீட்டுப் பிரிண்டருக்குள் சிக்கிய காகிதத்தை உருவிக்கொண்டிருந்தேன். மயிலாப்பூர் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. கடை மானம் போகிறது என்றால் பெரும்பாலும் பிரிண்டரில் இங்க் தீர்ந்திருக்கும். அந்த நினைப்பில் மெதுவாகத்தான் கிளம்பினேன்.

சலீம் பாய்க்கு தி.நகரில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடை. முன்பக்கம் நான்கு எம்பிராய்டரி மெஷின்கள், பின்னறையில் ஒரு கம்ப்யூட்டர். வரைந்த படத்தை, மெஷின் தைக்கிற மாதிரி தையல் தையலாக மாற்றிக் கொடுக்கும் வேலைக்கு அங்கே பஞ்சிங் என்று பெயர். அதைச் செய்பவள் மேரி. சாந்தோமிலிருந்து வருகிறாள், ஆறு வருடமாக அந்த நாற்காலி அவளுடையது.

நான் போனபோது கோட்டூர்புரத்துக் கல்யாணப் பெண் ஒருத்தி கோபமாக நின்றிருந்தாள். தன் கல்யாண ஜாக்கெட்டின் முதுகில் ஒரு ஜன்னலும், அதில் தன்னுடைய பூனை உட்கார்ந்திருப்பதும் வேண்டும் என்று கேட்டிருந்தாள். மேரி மூன்று நாள் உட்கார்ந்து பஞ்சிங் போட்டாள். பூனையின் மீசைக்கே அரை நாள் போயிற்றாம். கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்க, அதே பூனை அதே ஜன்னலோடு ஏதோ ஒரு வாட்ஸப் குழுவில் 'புது டிசைன், ஃபைல் கிடைக்கும்' என்று விற்பனைக்கு வந்துவிட்டது.

"என் பூனை எப்படி சார் ஊரெல்லாம் சுத்துது?" என்று கேட்டாள். சலீம் பாய் என்னைப் பார்த்தார்.

நான் ஆன்டிவைரஸை ஓடவிட்டேன். ஒன்றும் இல்லை. மறுநாள் போய் இன்னொரு தடவை. அதற்கடுத்த நாளும் ஒரு தடவை. மூன்று தடவையும் பூஜ்யம். பிறகு எந்த ஃபைல் எப்போது திறக்கப்பட்டது என்று பார்த்தேன். பூனை டிசைனும் வேறு சில புது டிசைன்களும் வெள்ளிக்கிழமைகளில், ஒன்றரை மணி சுமாருக்குத் திறக்கப்பட்டிருந்தன. அது ஜும்மா தொழுகை நேரம். பாயும் மெஷின் ஓட்டுபவர்களும் மசூதிக்குப் போய்விடுவார்கள், கடையில் மேரி ஒருத்திதான் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாள்.

"மெஷின் சுத்தமா இருக்கு பாய். ஆளைப் பாருங்க" என்றேன். என்னவோ பெரிய துப்பறிந்துவிட்ட மாதிரி ஒரு தோரணை வேறு. அந்தத் தோரணையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

2. மேரியின் போன்

அடுத்த வாரம் வியாழக்கிழமை மேரி போன் செய்தாள்.

"அக்கா, சனிக்கெழமையோட நின்னுக்கோன்னு பாய் சொல்லிட்டாரு. வைரஸ் இல்லேன்னு நீங்க சொன்னீங்களாமே? அப்போ திருடி நான்தான்னு ஆயிடுச்சு. இந்த லைன்ல இனிமே எவன் எனக்கு வேலை குடுப்பான்?"

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் சொல்வதுதானே என்று நினைத்தேன். அவள் விடவில்லை.

"நீங்க ஒரே ஒரு வாட்டி வெள்ளிக்கெழமை மதியம் வந்து குந்துங்க. மத்த நேரத்துல நாலு மெஷினும் போடுற சத்தத்துல ஒண்ணும் கேக்காது. ஜும்மாவுக்கு எல்லாம் நிறுத்திட்டுப் போனப்புறம் பாருங்க, நான் சோறு துன்னுக்கினு கீறேன், பொட்டியைத் தொடவே இல்ல, அது பாட்டுக்கு கறகறன்னு ஓடிக்கினு கீது."

"பாய்கிட்ட சொன்னியா?"

"சொன்னேனே. பழைய பொட்டின்னா சத்தம் போடத்தான் செய்யும்னாரு."

மறுநாள் போனேன். ஒன்றேகால் மணிக்கு மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பாயும் மெஷின் ஓட்டுபவர்களும் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகு அந்தக் கடையில் அப்படி ஓர் அமைதி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. மேரி டிபன் பாக்ஸைத் திறந்து மீன் குழம்பு சாதத்தில் பாதியை என் பக்கம் தள்ளினாள். இரண்டு பேரும் மௌஸைத் தொடவில்லை. பத்து நிமிடம் ஆகியிருக்கும். ஹார்ட் டிஸ்க் கறகறவென்று ஓட ஆரம்பித்தது. மோடத்தின் விளக்கு விடாமல் துடித்தது.

நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து, இந்தக் கம்ப்யூட்டர் வெளியே யாரோடு பேசிக்கொண்டிருக்கிறது என்று காட்டும் கட்டளையைப் போட்டேன். ஊர் பேர் தெரியாத ஒரு முகவரியோடு இணைப்பு திறந்திருந்தது. அதைத் திறந்து வைத்திருந்த புரோகிராம், பஞ்சிங் சாஃப்ட்வேர் ஃபோல்டருக்குள்ளேயே இருந்தது.

பேக்டோர் என்கிற இந்த ஜாதி எதையும் கெடுக்காது. திரை கறுக்காது, ஃபைல் காணாமல் போகாது. உள்ளே வந்து உட்கார்ந்து, வெளியே இருக்கிற ஒருவனுக்கு வழியைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். அவன் நினைத்தபோது வருவான். மௌஸ் அசையாத நேரமாகப் பார்த்து வருவான், வேண்டியதை எடுத்துக்கொண்டு போவான். இந்தக் கடையில் இரவில் கம்ப்யூட்டரை அணைத்துவிடுவார்கள், மற்ற நாட்களில் மேரி சாப்பிடும்போது வேறு யாராவது ஃபைல் எடுக்க வருவார்கள், பகலில் மௌஸ் அசையாத நேரம் வெள்ளிக்கிழமை ஒன்றரை மணிதான்.

சரி, இவ்வளவு பெரிய சமாச்சாரம் ஆன்டிவைரஸ் கண்ணில் ஏன் படவில்லை? செட்டிங்ஸைத் திறந்தேன். எக்ஸ்க்ளூஷன் என்று ஒரு பட்டியல் உண்டு, 'இந்த இடத்தைச் சோதிக்காதே' என்று நாம் சொல்லி வைக்கும் பட்டியல். அதில் ஒரே ஒரு ஃபோல்டர் இருந்தது. பஞ்சிங் ஃபோல்டர்.

செட்டிங்ஸை மாற்றத் தேவையான அட்மின் பாஸ்வேர்டு என் ஒருத்தியிடம்தான் இருந்தது. ஆகவே அதை அங்கே போட்டது யார் என்று தேட வேண்டிய அவசியம் இல்லை.

நான்கு வருடத்துக்கு முன்னால் நடந்தது. ஒரிஜினல் பஞ்சிங் சாஃப்ட்வேருக்கு டாங்கிள் என்று ஒரு சின்ன பூட்டு உண்டு, அதைச் செருகினால்தான் வேலை செய்யும். டாங்கிள் இல்லாமல் ஓடுகிற, கிராக் என்கிற திருட்டுப் பிரதி ஒன்று அந்த லைனில் கடைக்குக் கடை பென்டிரைவில் கைமாறிக்கொண்டிருந்தது. பாய் கொடுத்தார், நான் போட்டேன். ஆன்டிவைரஸ் தினமும் அதைத் தூக்கி வெளியே எறிந்தது, பாய் தினமும் காலையில் எனக்குப் போன் செய்தார். தொல்லை தாங்காமல் அந்த ஃபோல்டரை எக்ஸ்க்ளூஷனில் போட்டேன். போன் நின்றது. ஆன்டிவைரஸ் பாவம், சரியாகத்தான் கத்தியிருக்கிறது. அதன் வாயைப் பொத்திவிட்டு, பிறகு மூன்று தடவை அதனிடமே போய் ஏதாவது பார்த்தாயா என்று கேட்டவள் நான்.

பாய் திரும்பி வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது. அந்தப் பட்டியலை அழித்துவிட்டு, 'புது மாதிரி வைரஸ் பாய், இப்பத்தான் சிக்கிச்சு' என்று சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. மேரிக்கும் வேலை போயிருக்காது, எனக்கும் பெயர் கெட்டிருக்காது. ஐந்து நிமிடம் அதைப் பற்றித்தான் யோசித்தேன் என்பதையும் இங்கே மறைக்கவில்லை.

"கெடச்சுதாக்கா?" என்றாள் மேரி. கழுவிய டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பயந்த முகத்தோடு அப்படிக் கேட்டவளிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

3. சுத்தம் செய்தது

மசூதியிலிருந்து எல்லோரும் வந்த பிறகு, மெஷினைப் போடுவதற்கு முன் நிறுத்தி, அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். கிராக்கில் வந்தது, அதற்கு வழிவிட்டது நான், மேரிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று.

சலீம் பாய் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு, "பென்டிரைவ் குடுத்தது நான்தானே மேடம், உங்களை மட்டும் இன்னா சொல்றது" என்றார். மேரி பக்கம் திரும்பினார். "தப்பு பண்ணிட்டேம்மா. மனசுல வெச்சிக்காதே. திங்கக்கெழமை வந்துடு."

அன்று மதியமே வேலையை ஆரம்பித்தேன். முதலில் நெட் கேபிளைப் பிடுங்கினேன். வெளியே இருப்பவனுக்கு வழி இருக்கும்வரை உள்ளே எதைக் கழுவினாலும் வீண். மெயில், வாட்ஸப், பேங்க் பாஸ்வேர்டுகளையெல்லாம் பாயின் போனிலிருந்து மாற்றச் சொன்னேன், அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து மாற்றினால் புதியதும் அவனுக்குப் போய்விடும். டிசைன் ஃபைல்களை மட்டும் தனியே எடுத்தேன், புரோகிராம் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. எடுத்ததை என் லேப்டாப்பில் வேறொரு ஸ்கேனர் வைத்துச் சோதித்தேன். டிஸ்க்கை முழுதாக ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். ஒரு பேக்டோர் கண்ணில் பட்டால் கண்ணில் படாதது இன்னொன்று இருக்கலாம், ஆகவே பொறுக்கி எடுப்பதை நான் நம்புவதில்லை. டாங்கிளோடு ஒரிஜினல் சாஃப்ட்வேர் வந்தது. தினசரி வேலைக்கு அட்மின் அதிகாரம் இல்லாத கணக்கு ஒன்று. எக்ஸ்க்ளூஷன் பட்டியல் காலி. கடையில் இருந்த பென்டிரைவ்களை எல்லாம் மேரியே பொறுக்கிக் கொண்டுவந்து என் முன்னால் கொட்டினாள்.

கல்யாணப் பெண்ணை பாய் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். மேரி அவளுக்காகப் பூனையை மாற்றினாள், இந்தத் தடவை அது ஜன்னலிலிருந்து வாலை வெளியே தொங்கவிட்டுக் கொட்டாவி விட்டது. பழையதைவிட இதுதான் பிடித்திருக்கிறது என்று அந்தப் பெண் சொன்னதில் மேரிக்கு ஒரே பெருமை. எனக்கும்தான்.

எல்லாம் முடிந்து நான் பையை மூடும்போது மேரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? கோச்சிக்கக் கூடாது. மூணு வாட்டி வந்து பொட்டியைச் சோதிச்சீங்க. மூணு வாட்டியும் நான் இங்கதான் பக்கத்துல நின்னுக்கினு இருந்தேன். இன்னா ஆச்சு மேரின்னு என்னை ஒரு வாட்டியாவது கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அவளிடமே அதை ஒப்புக்கொண்டேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்தக் கறகற சத்தத்தை முதல் நாளே சொல்லியிருப்பாள்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். கருவிகள் உங்களுக்குத் தானாக வந்துவிடும், என்னைவிட நன்றாகவே வரும். பையைத் திறக்கும் முன், அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் தினமும் உட்காருகிறவரிடம், இது என்ன செய்கிறது, எப்போது செய்கிறது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை கீபோர்டைத் தொடாதீர்கள்.