ஆறாவது தாள்

1988 ஜூன் 14, செவ்வாய்க்கிழமை, காலை 10.40. கடும் வெயில், மேல்காற்றில் புழுதி. அருப்புக்கோட்டையில் என் அலுவலகத்துக்கு எண்ணெய்க் கடைக்காரர் தங்கவேல் வந்தார். எம்.ரெட்டியபட்டி பக்கம் தன் நிலத்தை அடமானம் வைத்து, பருத்தி அரைக்கும் ஜின்னிங் மில் கட்ட பேங்கில் லோன் கேட்டிருந்தார். நிலத்தில் வில்லங்கம் இல்லை என்று பேங்குக்கு நான் லீகல் ஒப்பீனியன் தர வேண்டும்.

அவர் அப்பா எழுதிவைத்த செட்டில்மெண்ட் பத்திரத்தின் அசலைக் கொடுத்தார். நான் படிக்குமுன் தாள்களை எண்ணுவேன். ஒவ்வொரு தாளின் பின்னும் சார்பதிவாளர் ‘ஒன்பது தாள்கள்’ என்று எழுதியிருந்தார். இருந்தவை எட்டு. ஆறாவது இல்லை.

“எலி கடிச்சிருக்கும் வக்கீலய்யா.”

“எலி ஒரு தாளை மட்டும் உருவிட்டு, மறுபடி தச்சும் வைக்குமாக்கும்?”

“படிக்கச் சொன்னா எண்ணுறீக. பேசாம பேங்குல கேஷியரா போயிருக்கலாம்!”

மறுநாள் திருச்சுழிக்குப் பஸ் ஏறி, சார்பதிவாளர் அலுவலகத்தில் நகலுக்கு மனுப்போட்டேன். ஒன்பதாம் நாள் மறுபடி போய் வாங்கினேன். வில்லங்கச் சான்றில் பத்திரத்தின் நிபந்தனைகள் வராது, நகலில்தான் தெரியும். தென்புறம் ஒரு ஏக்கர் பன்னிரண்டு சென்ட்டும் அதிலுள்ள கிணறும், விதவையான மகள் பேச்சியம்மாளுக்கு ஆயுள் உள்ளவரை பாத்தியம் என்றது ஆறாவது தாள்.

“அவ என் தங்கச்சி. விடுதலைப் பத்திரத்துல ரேகை வைன்னா வைப்பா” என்றார் தங்கவேல்.

“வைக்கட்டும். நான் வாசிச்சுக் காட்டுன பெறகு வைக்கட்டும்.”

அழைத்து வந்தார். வாசித்தேன். அந்த அம்மாள் மைப்பெட்டியைத் தள்ளி வைத்தார்.

“கெணறு எனக்கா? அப்ப அஞ்சு வருசமா ஒரு கொடம் தண்ணிக்கு ஒன் மோட்டார் ரூம் வாசல்ல எதுக்குண்ணே நின்னேன்?”

தங்கவேல் கூரையைப் பார்த்தார். ரேகை விழவில்லை.

அந்த ஒரு ஏக்கர் பன்னிரண்டு சென்ட்டையும் கிணற்றையும் நீக்கிவிட்டு மற்ற நிலத்துக்கு ஒப்பீனியன் எழுதினேன். லோன் தொகை குறைந்தது; மில் வந்தது. கிணறு பேச்சியம்மாளிடமே இருந்தது. முப்பத்தொரு வருஷத்தில் 1,146 ஒப்பீனியன் கொடுத்திருக்கிறேன். பொய்த்தது ஒன்றுகூட இல்லை. இத்தொழிலுக்கு வருகிறவர்கள் முதலில் தாளை எண்ணுங்கள், பிறகு படியுங்கள்.

தங்கவேல் ஃபீஸ் தரவில்லை: 400. நகலுக்கு 31. பஸ் இரண்டு நடை 5.20. வருஷம் 2,400 வந்துகொண்டிருந்த அவர் கடை வழக்குகளையும் வேறு வக்கீலிடம் கொடுத்துவிட்டார். அவர் கடையை மூடும்வரை ஆறு வருஷம், 14,400. ஆகமொத்தம் எனக்கு ஆன செலவு ரூபாய் 14,836, காசு இருபது.