உற்பத்தியா, சேவையா?

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நான் ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். ஊராருக்கு ஆன்லைனில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதுதான் வேலை. டேனரியில் தோல் பதப்படுத்தியே காலம் தள்ளிய என் அப்பா இதை வேலையில் சேர்க்க மாட்டார். சாயங்காலம் வீட்டுக்குப் போனால், "இன்னிக்கி இன்னாம்மா செஞ்ச? காட்டு பாக்கலாம்" என்பார். காட்ட ஒன்றும் இருக்காது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மண்ணிலிருந்து எடுப்பது ஒரு வகை, எடுத்ததை வேறு பொருளாக்குவது இரண்டாம் வகை, இரண்டுக்கும் துணை நிற்பது மூன்றாம் வகை என்று பள்ளியில் படித்தோம். எங்கள் ஊரில் இரண்டாவதற்குத்தான் மரியாதை. பேங்க், லாரி, டீக்கடை, என் கடை எல்லாம் அதன் வாலைப் பிடித்துத் தொங்குகிறவை என்று நினைப்பு. உள்ளுக்குள் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு அக்கா வந்தார். மொட்டைமாடியில் ஷெட் போட்டு ஆறு தையல் மெஷின் வைத்திருப்பவர். ஷூ கம்பெனி தோலை வெட்டிக் கொடுக்கும். இவர் தைத்து, ஷூவின் மேல்பாகமாக்கித் திருப்பிக் கொடுப்பார். ஆர்டர் ஜாஸ்தியாக வந்ததால் இன்னும் இரண்டு மெஷினுக்கு அரசு மானியம் கேட்க வேண்டும். அதில் உட்காரத் தெருவிலேயே இரண்டு பெண்களையும் பேசி வைத்துவிட்டார்.

விண்ணப்பம் கேட்டது: உற்பத்தியா, சேவையா?

"தோல் யாருதுக்கா?" என்றேன்.

"கம்பெனிதுதான்."

"தெச்ச அப்புறம்?"

"அதுவும் கம்பெனிதுதான். நமக்குக் கூலி."

அடுத்தவர் பொருளில் கூலிக்கு வேலை செய்தால் வரிப் பதிவில் அது சேவை. இங்கே எத்தனையோ ஜாப் ஒர்க் செய்பவர்களுக்கு அப்படித்தான் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் கை 'சேவை'யை அழுத்திவிட்டது.

விண்ணப்பம் திரும்பி வந்தது. அந்த மானியம் உற்பத்திக்கு மட்டும்தானாம். அக்கா கட்டைப்பையிலிருந்து ஒரு ஷூ மேல்பாகத்தை எடுத்து என் கீபோர்டு மேல் வைத்தார்.

"இதுக்குப் பேரு சேவையாமா? நாங்க இன்னா லாட்ஜா நடத்தறோம்?"

அப்போதுதான் விதிகளை ஒழுங்காகப் படித்தேன். பொருள் யாருடையது என்று பார்க்கிறது வரிப் பதிவு. அங்கே என்ன வேலை நடக்கிறது என்று பார்க்கிறது மானியத்துக்கான தொழில் பதிவு. ஒரே ஷெட் ஒரு தாளில் சேவை, இன்னொரு தாளில் உற்பத்தி. ஒன்றின் விடையை இன்னொன்றில் எழுதியது நான்தான். தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டு, அவர் திட்டி முடிக்கும்வரை நின்றேன். திருத்தி மறுபடியும் அனுப்பினேன். மெஷின் வருவதற்குள் அந்த ஆர்டர் பேரணாம்பட்டில் வேறொரு ஷெட்டுக்குப் போய்விட்டது. அப்பாவுக்குக் காட்ட எனக்கும் ஒன்று கிடைத்தது என்று கசப்பாக நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் ஒரு பெண், தொழிலாளர் பதிவுக்கு வந்தாள். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலை என்றாள். எந்தப் பிரிவு என்ற கேள்விக்கு 'சேவை' என்று போட்டேன். மூன்று முறை சரிபார்த்தேன்.

"முன்னாடி இன்னா வேலம்மா?"

"வீட்டுலயே தையல்தான்க்கா. நம்ம தெருவுல ஒரு அக்கா, மெஷின் வருது, வந்து உக்காருன்னாங்க. எங்கயோ பேப்பர் நின்னுடுச்சாம். ரெண்டு புள்ளைங்கள வெச்சிக்கினு எவ்ளோ நாளு காத்துக்கினு இருக்க முடியும்? தெனம் காலைல டிரெயினப் புடிச்சி ஓடறேன்."

பிரிண்ட் எடுத்து நீட்டினேன். அவமானமாக இருந்தது. அந்தப் பேப்பர் நின்றது என்னால்தான் என்று சொல்லிவிடலாம் என வாயைத் திறந்தேன்.

தாளை மடித்துப் பையில் வைத்தபடி அவள் சிரித்தாள். "நீங்க இல்லன்னா எங்களுக்கு இதெல்லாம் யாருக்கா பண்ணுவாங்க?"

திறந்த வாயை மூடிக்கொண்டேன். அவள் டிரெயினுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள்.