முதுகு டீச்சரும் கொசு மாப்பிள்ளையும்

எங்கள் ஆய்வு நிலையத்தில் டீச்சரின் அறை என்றாலே விஞ்ஞானிகள் வேறு வழியாகச் சுற்றிப் போவார்கள். முன்பு வானொலியில் செய்தி வாசித்தவர். இப்போது, ஆராய்ச்சியைப் பொதுமக்களிடம் எப்படிச் சொல்வது என்று எங்கள் விஞ்ஞானிகளைப் பழக்குகிறார். சுழல் நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார்; விஞ்ஞானி அவர் முதுகிடம் பேச வேண்டும். படம் காட்ட முடியாது, கையை ஆட்டிப் பயனில்லை. மேலே கேட்க ஆசை வந்தால் மட்டும் நாற்காலி இந்தப் பக்கம் திரும்பும். உலக மாநாடுகளில் கைதட்டல் வாங்கிய பெரிய தலை ஒன்று, டீச்சரின் பின்கொண்டையோடு மல்லுக்கட்டிவிட்டு வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்ததை நானே பார்த்தேன். மைக்கும் ஸ்பீக்கரும் என் பொறுப்பு என்பதால் எல்லா வேடிக்கையும் எனக்குக் கிடைக்கும்.

முதுகு டீச்சர் முதுகைக் காட்டாத ஒரே ஆள் அவருடைய மாப்பிள்ளை. இங்கேயே கொசுப் பிரிவில் வேலை. மாப்பிள்ளைக்குப் போய் முதுகைக் காட்டுவதா! நேர் எதிரே உட்கார்ந்து, எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்.

“எப்படி இருந்துச்சு அத்தை?”

“அருமை மாப்பிள்ளை. ஒரு வார்த்தை மாத்த வேண்டாம்.”

மாப்பிள்ளை வெளியே போய்க் கதவைச் சாத்தியதும் டீச்சர் என்னிடம் திரும்பி, “ஒரு எழவும் புரியலப்பா” என்பார்.

இது இப்படியே ஓடியிருக்கும். ஆனால் கொசுவை வெளியே விடும் நேரம் வந்தது. மலடாக்கிய ஆண் கொசுக்களை ஒரு குடியிருப்பில் விட்டால், அவற்றோடு சேரும் பெண் கொசுக்களின் முட்டை பொரிக்காது. அதற்குக் குடியிருப்புக்காரர்கள் சம்மதிக்க வேண்டும். மறுத்தால் திட்டத்துக்கு மூடுவிழா. மாப்பிள்ளை, டீச்சரின் மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்கு வேலை தேடிப் போய்விடுவார். பக்கத்து வீட்டில் பேத்தி இல்லாத நாளை நினைத்தே டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை.

குடியிருப்பின் பொதுக்கூடத்தில் கூட்டம். மாப்பிள்ளை படத்துக்கு மேல் படமாகப் போட்டார். “கடிபடும் நிகழ்தகவு புறக்கணிக்கத்தக்கது” என்றார். பின்வரிசையில் ஒருவர் சத்தமாகக் கொட்டாவி விட்டார். கைக்குழந்தையோடு வந்திருந்த ஒரு பெண் எழுந்து வாசலுக்கு நடந்தார்.

முன்வரிசையில் இருந்த டீச்சரும் எழுந்தார். பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டு, ஊரே பார்க்க மாப்பிள்ளைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். மாப்பிள்ளை மைக்கை வைத்துவிட்டுப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ கம்ப்யூட்டரை மூடிவிட்டு வாசலைப் பார்த்துப் பேசினார்.

“அம்மா, கொஞ்சம் நில்லுங்க. ஆண் கொசு கடிக்காதும்மா. நாங்க விடப்போறது அதைத்தான். பிரிக்கும்போது ஒண்ணு ரெண்டு பெண் கொசு தப்பி வந்துடலாம், இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன். அது கடிச்சா, இப்ப உங்களைத் தினமும் கடிக்குதே, அதே கடிதான்.”

“அப்ப கொசு ஒழிஞ்சிடுமா?” என்றார் அந்தப் பெண்.

“குறையும்னு நம்புறேன். உறுதியாத் தெரியாது. தெரிஞ்சுக்கத்தான் உங்ககிட்ட வந்திருக்கோம்.”

அந்தப் பெண் திரும்பி வந்து உட்கார்ந்தார். அப்புறம் கேள்வி மேல் கேள்வி. டீச்சரின் நாற்காலி எப்போது மேடைப் பக்கம் திரும்பியது என்று நான் கவனிக்கவில்லை. கடைசியில் சம்மதம் என்று முக்கால்வாசிக் கைகள் உயர்ந்தன.

திரும்பும் வண்டியில், ஊரார் முன்னால் மாப்பிள்ளையை அவமானப்படுத்தி மகளின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டோமோ என்று டீச்சர் நடுங்கிப்போயிருந்தார். இறங்கும்போதுதான் மாப்பிள்ளை, “இத்தனை நாளா ஏன் அத்தை என்னை ஏமாத்தினீங்க?” என்று கேட்டார். நல்லவேளை, சிரித்துக்கொண்டே கேட்டார்.

கொசு குறைந்தது. அதைவிட வேகமாக மாப்பிள்ளையின் பெயர் பரவியது. கடல் கடந்த ஒரு நகரத்தில் மக்கள் இதே திட்டத்துக்கு முரண்டு பிடித்தார்களாம். நீங்களே வந்து பேசி நடத்திக் கொடுங்கள், குடும்பத்தோடு வாருங்கள் என்று அழைத்தார்கள்.

அவர்களை வழியனுப்பிவிட்டு விமான நிலையத்திலிருந்து டீச்சர் நேராக என் அறைக்கு வந்து உட்கார்ந்து அழுதார். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

“எம்புள்ள எங்கயும் போயிடக் கூடாதுன்னுதான்பா அவரைப் பேச வெச்சேன்” என்றார். “நல்லாப் பேசுறாருன்னு கூட்டிட்டுப் போயிட்டாங்க.”