உமக்கு உது சரிவராது

போன கோடையில் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒழுங்குசெய்த சுற்றுலாவுக்குத் லண்டன் தோர்ண்டன் ஹீத்திலிருந்து கோச் பஸ்ஸில் போனோம். அந்தக் கேளிக்கைப் பூங்காவில் மரத்தாலேயே கட்டிய ரோலர் கோஸ்டர் ஒன்று இருந்தது. உலகத்தைச் சுற்றிக் கிடக்கும் கடற்பாம்பைப் பற்றிய நோர்வேக்காரரின் புராணக் கதையை வைத்துச் செய்தது. பாம்பின் வாய்க்குள்ளால்தான் பெட்டிகள் புறப்படும்.

வரிசையில் சேருமுன் என் கணவர் தன் பையை என் தோளில் மாட்டினார். அதைக் கண்ட மற்றவர்களும் ஜக்கெட், தண்ணீர்ப் போத்தல், தொப்பி என்று என்னிடம் நீட்டினார்கள். நீங்களும் வருகிறீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் ஏறப்போகிறேன் என்றேன்.

"உமக்கு உது சரிவராது. நெஞ்சடிக்கும்," என்றார் கணவர்.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பவர் அவர். இதய நோயுள்ளவர்கள் ஏற வேண்டாம் என்ற பலகைக்குக் கீழே நின்றுகொண்டு எனக்குப் புத்தி சொன்னார். நானோ குரொய்டன் நெரிசலில் மாடி பஸ் ஓட்டுகிறவள். பலகையைக் காட்டினேன். தனக்கு இப்போது ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

பைகளுக்கு நடுவே, ஓரத்தில் கிடந்த வாங்கில் உட்கார்ந்திருந்தேன். மரச்சட்டங்கள் கடகடக்கும்போதெல்லாம் அவருக்காகப் பயமும் வந்தது. அந்தப் பயத்தையும் என் தலையில் கட்டிவிட்டாரே என்று ஆத்திரம் இரட்டித்தது.

வெளிறிய முகத்தோடு இறங்கி வந்து என் பக்கத்தில் இருந்தார். நெஞ்சு நோகிறதா என்று கேட்டேன். தலைச்சுற்று மட்டும்தானாம். தண்ணீர் கொடுத்து, முகம் தெளியும்வரை காத்திருந்தேன். பிறகு பைகளை அவர் பக்கம் தள்ளினேன்.

"இப்ப நீங்கள் இருங்கோ. நான் ஏறிப்போட்டு வாறன்."

வாசலில் வேலைக்கு நின்ற பிள்ளை, என்னை ஆட்களைக் கூட்டிப்போக வந்தவள் என்று நினைத்து வெளியேறும் வழியைக் காட்டினாள். ஏறத்தான் வந்தேன் என்று அவளுக்கும் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது.

உச்சியிலிருந்து விழுந்தபோது கத்தினேன். பாதி பயம். மீதி என் கணவருக்கான ஏச்சு, நல்ல தமிழில்.

திரும்பும்போது கோச்சில் எல்லோரும் அவருடைய துணிச்சலைப் புகழ்ந்தார்கள். வெளிறிப்போய் இருந்ததை அவர் சொல்லவில்லை.

"நானும் ஏறினனான்," என்றேன்.

முன் சீற்றுப் பெண் திரும்பினாள். "அப்ப சாமான்களை ஆர் பாத்தது, அக்கா?"

என் பக்கத்தில் இருந்த கணவரைக் கேட்கச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். இறங்கும்போது அவருடைய பையை அவர் தோளிலேயே மாட்டிவிட்டேன்.