வாயும் வயிறுமாக ஒருத்தி

ஊரப்பாக்கத்துப் பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிகிற நேரத்தில் மச்சானிடமிருந்து போன் வந்தது. பாங்கு முடியட்டும் என்று நான் எடுக்கவில்லை. முடிந்ததும் நானே கூப்பிட்டேன். “ஷபீனா, அக்கா மவுத்தாயிட்டா” என்றார். பிறகு, ஏதோ விட்டுப்போனதைச் சேர்ப்பதுபோல, “இப்பதான்” என்றார்.

காய்ச்சல்தான். முடிச்சூரில் மழைத்தண்ணீர் வடியாத வாரம் அது. அக்கா வீட்டுத் தெருவில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் வந்தது, மற்றவர்கள் எழுந்து உட்கார்ந்து ரசம் சாதம் கேட்டார்கள். என் அக்கா ஹஃபீசா எழுந்திருக்கவில்லை.

அவள் மாம்பலத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர்களுக்குச் சட்டத்தை மாட்டிப் பார்த்து, காதுக்குப் பின்னால் அழுத்துகிறதா என்று கேட்டு, வளைத்துக் கொடுக்கிற வேலை. அதனாலேயே யாரைப் பார்த்தாலும் முதலில் மூக்கைப் பார்ப்பாள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் போனதும் வீடே அவர்களுடைய குடும்பத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, “மாப்பிள்ளைக்கு மூக்குத் தண்டே இல்லடி, கண்ணாடி போட்டா நிக்காது” என்றவள் அவள். மச்சான் நசீருதீன் மேற்குத் தாம்பரத்தில் பைக் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். அவருக்கு நல்ல மூக்கு என்று அவளே சர்டிபிகேட் கொடுத்திருந்தாள்.

கல்யாணமாகி நெடுநாள் கழித்து அவளுக்கு ஆபரேஷனில் ஒரு பையன் பிறந்தான். ஏழாம் மாதத்திலேயே வந்துவிட்டவன். கண்ணாடிப் பெட்டிக்குள் சில நாள் இருந்துவிட்டுப் போய்விட்டான். ஆசிப் என்று பேர் வைத்துத்தான் அடக்கினோம். அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளை உண்டாகவில்லை. ஆனால் அவன் இருந்த வயிறு மட்டும் இறங்கவே இல்லை. தையல் தழும்புக்கு மேல் மடிந்து, பர்தாவை முன்னால் தள்ளிக்கொண்டு அப்படியே நின்றது.

நான் நுங்கம்பாக்கத்துக்கு வேலைக்குப் போகிறேன். காலையில் ஊரப்பாக்கத்தில் நான் ஏறும் ரயிலில், தாம்பரத்தில் அவள் ஏறுவாள். ஒருநாள் பெண்கள் பெட்டியில் நல்ல கூட்டம். அவள் கம்பியைப் பிடித்து நின்றிருந்தாள். கிண்டியில் ஓர் ஆபீசில் ஆயாவாக இருக்கும் கங்கம்மா, பெருங்களத்தூரிலேயே ஏறி உட்கார்ந்திருந்தவள், பக்கத்திலிருந்த பெண்ணின் தொடையில் ஒன்று வைத்தாள்.

“இன்னாடி, செல்லு பாத்துகினு குந்திகினு கீற? வாயும் வயிறுமா ஒருத்தி நிக்கிறது கண்ணுக்குத் தெரியல? ஏந்திரு.”

அந்தப் பெண் எழுந்துவிட்டாள். இல்லையென்று சொன்னால் எழுந்தவளுக்கும் சங்கடம், கங்கம்மாவுக்கும் சங்கடம். அக்கா உட்கார்ந்தாள்.

“எத்தினி மாசம்?”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. “ஏழு” என்றாள்.

மறுநாளிலிருந்து அவளுக்கென்று இடம் காத்திருந்தது. ஒரே ரயிலில் ஒரே பெட்டியில் தினமும் போகிறவர்களிடம் அப்படி ஒன்றைச் சொல்லிவிட்டால் அது நம்மோடு முடிவதில்லை. ஒருத்தி நெல்லிக்காய் கொண்டுவந்தாள், ஒருத்தி படுக்கும்போது எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். “போதும்க்கா, வேற பெட்டிக்குப் போயிடலாம்” என்று நான் சொன்னபோது, “நாளையிலேர்ந்து” என்றாள். அடுத்த நாளும் அதையே சொன்னாள்.

பிறகு ஒருநாள் கங்கம்மா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். “ரெண்டு நாலா, ரெண்டு ஆறா?”

“எதுக்குக்கா?”

“வளையல் சைஸ் கேட்டா சைஸ சொல்லு. கேள்வி கேக்குறா பாரு.”

எதிரே உட்கார்ந்திருந்த டீச்சர் தயங்கி, “இவங்க ஆளுங்கள்ல வளைகாப்பெல்லாம் உண்டா?” என்று கேட்டார்.

“ரயில்ல இன்னா டீச்சர் எங்க ஆளு உங்க ஆளு? எல்லாம் சீசன் டிக்கெட்டு ஆளுங்கதான்.”

அந்த வெள்ளிக்கிழமை பல்லாவரம் தாண்டியதும் ஆரம்பித்தார்கள். எலுமிச்சம்பழ சாதம் ஒரு டிபன் பாக்ஸில், தயிர் சாதம் ஒன்றில். கன்னத்தில் சந்தனம். கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்பும், ஆளுக்கு ஒன்றாகப் போட்டுப் போட்டு இரண்டு கையும் நிறைந்துவிட்டது. கங்கம்மா இறங்க வேண்டிய கிண்டி வந்தபோது ஒரு பாட்டு பாதியில் நின்றது. அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கல்யாணத்தில்கூட அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. மாம்பலத்தில் இறங்கியவள், இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்தபடி கூட்டத்தோடு படியேறிப் போனாள்.

மறுநாளிலிருந்து அவள் ரயிலுக்கு வரவில்லை. ஜிஎஸ்டி ரோட்டில் பஸ் பிடித்துப் போனாள். தினமும் கடைக்குத் தாமதம், முதலாளியிடம் பேச்சு. கேட்டால், “பஸ்ல யாரும் யாரையும் பாக்கறதில்ல” என்பாள்.

சில மாதம் கழித்து கங்கம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். “உங்க அக்காவுக்கு இன்னா பொறந்துச்சு? வளையல் போட்டு அனுப்பினோம், ஒரு வார்த்த சொல்லல பாரு.”

“பையன்” என்றேன்.

“பேரு?”

“ஆசிப்.”

“யாரு ஜாட?”

“மச்சான் ஜாடை.”

பெட்டி முழுக்கச் சேதி போனது. பொய்யென்று அதில் எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முடிச்சூருக்குப் போனபோது அதை அவளிடம் சொன்னேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

“யாரு ஜாடைன்னு சொன்னே?”

“மச்சான்.”

“மூக்கு என் மூக்குடி” என்றாள். பூண்டுத் தோலையெல்லாம் ஊதித் தள்ளிவிட்டு, “அப்போ பொறந்துட்டான். இனி இந்த வயித்தத் தூக்கிக்கிட்டு நான் அந்த ரயில்ல ஏற முடியாது” என்றாள்.

கேம்ப் ரோடு பக்கம் ஒரு தோல் மருத்துவமனை. கத்தி படாமல் வயிற்றைக் குறைக்கலாம் என்று வாசலில் படம் போட்டிருந்தது. டாக்டர் கோகிலவாணி படத்தைவிட நிதானமாகப் பேசினார். அக்காவைப் படுக்கவைத்து, மடிப்பை விரலால் பிடித்துப் பார்த்தார்.

“எத்தனை குழந்தைங்கம்மா?”

“ஒண்ணு.”

“என்ன வயசு?”

அக்கா மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் மறுபடி கேட்கவில்லை.

மூன்று வழி இருக்கிறது என்றார். கொழுப்பைக் குளிரவைத்துச் சாகடிக்கிறது ஒன்று. உள்ளே சூடு கொடுத்துத் தோலை இறுக்குகிறது ஒன்று. அதற்குப் பல தடவை வரவேண்டும். மூன்றாவது, விலகிப்போன தசையைத் துடிக்கவைத்துக் கெட்டிப்படுத்துகிற இயந்திரம். “எதுலயும் அடியோட போயிடாது. கொஞ்சம் குறையும். மொத்தமா போகணும்னா ஆபரேஷன்தான்.”

“ஆபரேஷன் வேணாம்” என்றாள் அக்கா. “இதுல எது போனா திரும்ப வராது?”

“குளிர்ல செத்த கொழுப்பு திரும்ப வராது. நீங்க வெயிட் போடாம பாத்துக்கணும்.”

“செத்தது எங்க போகும்?”

“உடம்பே கொஞ்சம் கொஞ்சமா எடுத்து வெளிய அனுப்பிடும். ரெண்டு மூணு மாசம் ஆகும்.”

“வலிக்குமா?”

“முதல்ல இழுக்கும். அப்புறம் மரத்துடும்.”

“அடக்கம் பண்ற மாதிரிதான்” என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

வெளியே வந்ததும், சூடுதான் நல்லது என்று நான் வாதாடினேன். பிடிக்கவில்லையென்றால் நடுவில் நிறுத்திக்கொள்ளலாம், பழையபடி ஆகிவிடும். “அதனாலதான் வேணாங்கறேன்” என்றாள். வீட்டில் மச்சான் கேட்டுவிட்டுச் சிரித்தார். “ஐஸ்ல வச்சா மீன் கெடாம இருக்கும்னு தெரியும். கொழுப்பு கரையும்னு இப்பதான் கேள்விப்படறேன். உன் கொழுப்பெல்லாம் வாயில இருக்கு, அதுக்கு மெஷின் உண்டான்னு கேட்டியா?” அவள் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. “எனக்கு ஒண்ணும் தப்பா தெரியலையே, ஹஃபீசா.”

“உங்களப் பாத்து யாரும் எழுந்து எடம் குடுக்கறதில்ல” என்றாள்.

அவர் எழுந்து கடைக்குப் போய்விட்டார்.

சிகிச்சை அன்று நான் பக்கத்தில் இருந்தேன். அந்த மருத்துவமனையில் இயந்திரத்துக்கு ஒரே வாய்தான். ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் வைக்க வேண்டும். வலது பக்கத்தில் ஈரத்துணி போட்டு, அதன்மேல் கிண்ணம்போன்ற ஒன்றை வைத்ததும் அது சதையை உள்ளே இழுத்துக்கொண்டது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள், சற்று நேரத்தில் விட்டுவிட்டாள். கிண்ணத்தை எடுத்தபோது அந்த இடம் வெண்ணெய்க்கட்டிபோல விறைத்து நின்றது. உதவிக்கு இருந்த பெண் அதைப் பிசைந்துவிட்டாள். இளகி, சிவந்து, மறுபடி வயிறாகியது. இடது பக்கத்துக்குத் துணியை நனைக்கும்போது அக்கா எழுந்து உட்கார்ந்தாள்.

“இது அப்புறம் பாத்துக்கலாம்.”

டாக்டர் வந்தார். “ரெண்டும் சமமா வரணும்மா. ஒரு பக்கம் மட்டும் விட்டா கோணலா தெரியும்.”

“பர்தா போடறவதானே டாக்டர் நான்.”

ஷேர் ஆட்டோவில் கிழக்குத் தாம்பரம் வந்தோம். சுரங்கப்பாதைப் படியில் இறங்கும்போது, “அவன் இடது பக்கமாத்தான் கெடந்தான்” என்றாள். நான் படியைப் பார்த்து நடந்தேன்.

கோடை போயிற்று. வலது பக்கம் டாக்டர் சொன்னபடியே மெல்ல வற்றியது. என் கையை எடுத்து வைத்துக் காட்டுவாள். அங்கே மடிப்பு மெலிந்து துவண்டிருக்கும், இந்தப் பக்கம் பழையபடி திரண்டிருக்கும். “அரை கர்ப்பம்டி” என்று சிரிப்பாள். நானும் சிரித்துவிடுவேன். ஆனால் குளித்துவிட்டு வரும்போது அவள் இடது கை அந்தப் பக்கத்தைத் தாங்கிக்கொண்டு வருவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

ஐப்பசி மழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் அவளே மருத்துவமனைக்குப் போன் செய்து நாள் வாங்கினாள். அதை என்னிடம் சாவகாசமாகச் சொன்னாள், தையல்காரரிடம் துணி கொடுத்ததைச் சொல்வதுபோல.

“நெஜமாத்தானா?” என்று கேட்டேன்.

“அவனும் எத்தன நாள்தான் உள்ளேயே இருப்பான்? போகட்டும்.” பிறகு, “அது முடிஞ்சதும் ரயிலுக்கு வந்துடறேன். கங்கம்மாக்கா கிட்ட என்ன சொல்றதுன்னு யோசிச்சு வை” என்றாள்.

நான் யோசித்துக்கொண்டிருந்த வாரத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு குளிப்பாட்டினோம். மஹல்லாவில் பெண் மய்யித்துகளைக் குளிப்பாட்டும் ஜைத்தூன் அம்மா வந்திருந்தார். தொப்புளிலிருந்து முழங்கால்வரை கனத்த துணி போர்த்தியிருந்தது. அவர் அக்காவின் தலையைத் தன் கையில் தாங்கிச் சற்றே உயர்த்திக்கொண்டு, “வயித்த மெதுவா அழுத்தித் தடவணும். கூடப் பொறந்தவ நீ, நீயே செய். துணிய விலக்காத, கைய மட்டும் உள்ள விடு” என்றார். கையில் துணி சுற்றிக்கொண்டேன். ஒருத்தி தண்ணீர் ஊற்றினாள். வலது பக்கத்தில் கை இலேசாக இறங்கியது. இடது பக்கத்தில் மேடேறியது.

“போதும்மா” என்றார் ஜைத்தூன் அம்மா. நான் இன்னொரு முறை தடவினேன். அவர் தடுக்கவில்லை.

இடது பக்கத்துக்கு அவள் நாள் வாங்கியிருந்தது அதற்கடுத்த சனிக்கிழமைக்கு. அது செய்யப்படவில்லை.