ஒரே தாவலில் எட்டுப் படி

என் மனைவி கல்யாண ஆல்பம் வடிவமைப்பவள். திருத்தணி மலையில் முகூர்த்த நாளென்றால் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கும். அன்று மாலை ஆறு மணிக்கு மணவூர்க்காரர்கள் ஆல்பத்துக்கு வருவதாக இருந்தது. பாதி வேலை பாக்கி. அவளோ கே.ஜி.கண்டிகையில் ஒரு வளைகாப்புக்குக் கிளம்பினாள். "நான் வர்ற வரைக்கும் அதுல கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். சொல்லாமல் போயிருந்தால் தூங்கியிருப்பேன்.

பிராசசரின் வேகத்தைக் கூட்டினால் வேலை சீக்கிரம் முடியும் என்று படித்திருந்தேன். ஒவ்வொரு படியாக ஏற்ற வேண்டும், ஏற்றியதும் சூட்டைப் பார்க்க வேண்டும் என்றும் படித்திருந்தேன். பொறுமை நமக்கு ஏது? ஒரே தாவலில் எட்டுப் படி ஏற்றினேன். திரை கறுத்தது. உள்ளே விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

நான் எடுத்த முதல் தொழில்நுட்ப நடவடிக்கை, கற்பூரம் தேடியது. இரண்டாவது, மானிட்டருக்குப் பேப்பரால் விசிறியது. மூன்றாவதாகத்தான் கனகம்மாசத்திரத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அக்கா புருஷனுக்குப் போன் போட்டேன்.

"பாவா, எரிஞ்சி பூட்சி!"

"பொகை வந்துச்சா?"

"வரல."

"நாத்தம்?"

"என் வேர்வைதான்."

"அப்ப ஒண்ணும் ஆவல மச்சான். தாங்க முடியாம படுத்துகினு கீது. மொதல்ல பிளக்கப் புடுங்கு. போர்டுல எட்டணா சைசுல ஒரு பேட்டரி இருக்கும். அத்த கழட்டி அஞ்சு நிமிஷம் கையில வச்சிகினு இரு. நீ ஏத்தனதெல்லாம் மறந்துடும்."

"ஆல்பம்?"

"அது டிஸ்க்குல பத்திரமா கீது. நீ அழுவறத நிறுத்து."

சொன்னபடியே செய்து பேட்டரியைத் திரும்ப மாட்டினேன். உயிர் வந்தது, கம்ப்யூட்டருக்கும் எனக்கும். ஆல்பமும் இருந்தது. நான் ஒன்றுமறியாத முகத்தைத் தயார் செய்வதற்குள் மனைவி வந்து உட்கார்ந்தாள்.

"இன்னாங்க இது, தேதி பத்து வருஷம் பின்னால காட்டுது?"

பேட்டரியைக் கழற்றினால் கடிகாரமும் மறந்துபோகும் என்பதைப் பாவா சொல்லவில்லை.

"ஆங்... அப்ப எனக்கு முடி இருந்துச்சி, இல்ல?" என்றேன்.

சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவள் ஆல்பத்தைப் பென் டிரைவில் எடுத்துவைத்துவிட்டுச் சொன்னாள்: "இப்ப என் எதிர்ல ஏத்துங்க. ஒரே ஒரு படி."

ஏற்றினேன். அந்த வேகத்தை மெஷின் தாங்குமா என்று பார்க்கும் சோதனையை ஓடவிட்டு அவள் சூட்டைப் படித்தாள். "அறுவத்தெட்டு... எழுவது... எழுவதுலயே நிக்குது." இன்னொரு படி. அதையும் தாங்கியது. ஐந்தே முக்காலுக்கு ஆல்பம் முடிந்துவிட்டது. நான் அறைக்குள் ஒரு காலில் குதித்துக்கொண்டு, "இன்னும் ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு!" என்றேன்.

"மெஷினுக்கு சூடு ஏறல. உங்களுக்குத்தான் ஏறிகினு கீது. போய் தண்ணி குடிங்க" என்றாள்.