ரோஹிணியிடம் அளவுக்குக் கொடுத்த கவசம்

சித்தூர் ஜில்லாவில் என் கையால் செத்த பூதங்கள் நானூறு. கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். நாற்பதுக்கு மேல் இருக்காது; அதிலும் ஒன்பது வௌவால். ஆனால் ரோஹிணி பழி வாங்கிய கதையில் கூட்டிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அது நடந்த மேஜையில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

ரோஹிணி நகரியில் தையல் கடை வைத்திருப்பவள். வயது முப்பத்தெட்டு. விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்ததால் குரல் பெரிசு. கழுத்தில் டேப் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. ஒரு கல்யாணத்தில் நாலு பேர் எதிரே அவள் தையலைக் குறை சொன்ன அம்மாள் ஒருத்திக்கு, அடுத்த மூன்று வருடமும் ஒவ்வொரு ஜாக்கெட்டையும் ஒரு நூல் குறைத்தே தைத்தாள். தான் பெருத்துக்கொண்டே போகிறோம் என்று நம்பி, அந்த அம்மாள் இன்றைக்கும் காலையில் நடக்கப் போகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. துணி வெட்டும் மேஜை நீளமானது என்பதால் எங்கள் ஆட்டம் அங்கேதான். ஆளுக்கொரு வீரனையோ மந்திரவாதியையோ கற்பனை செய்து, அவர் பலத்தையும் உடைமையையும் ஓர் அட்டையில் எழுதிக்கொள்வோம். எங்களில் இளையவன் கிஷோர் கதையை நடத்துவான். யார் வெட்டினார், யார் விழுந்தார் என்பதை இருபது முகப் பகடை சொல்லும். புத்தகத்தில் இல்லாமல் நாங்களாக வைத்துக்கொண்ட விதிகள் ஒரு தாளில் எழுதப்பட்டு, கடைச் சுவரில் குண்டூசியால் குத்தப்பட்டிருக்கும்.

ரிட்டையரான டீச்சர் நான், ஆட்டத்தில் சூனியக்காரி. திருப்பதியில் லெக்சரராக இருக்கும் புத்தூர் தாமோதரன் குதிரை வீரர். ரோஹிணி முதலில் மேஜையை மட்டும்தான் கொடுத்தாள். பிறகு செங்கம்மா என்ற வாள்காரியாக உள்ளே வந்தாள். எட்டு மாத ஞாயிறுகள் போராடி, மீன்செதில் கவசம் ஒன்றைச் சம்பாதித்தாள். அட்டையில் அதை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருந்தாள்.

பாலத்துச் சண்டையில் செங்கம்மா மயங்கி விழுந்தாள். பக்கத்தில் நின்ற தாமோதரனின் பையில் மருந்து இருந்தது. அதை அவர் எடுக்கவில்லை.

"கவசத்தைக் கழட்டி நான் போட்டுக்கறேன்."

"சார், எனக்கு இன்னும் உயிரு கீது சார்!"

"கீழ விழுந்தவங்க கவசம் மொதல்ல எடுக்கறவங்களுக்குன்னு நாமதானேம்மா எழுதனோம்? உயிரு போயிருக்கணும்னு எங்க எழுதிக்கீது? ரூல் அண்ட்டே ரூல்," ரூல் என்றால் ரூல்தான் என்று தெலுங்கில் முடித்தார் தாமோதரன்.

கிஷோர் தாளைப் பார்த்தான். அப்படி எழுதியிருக்கவில்லை. ரோஹிணி சிவப்பு எழுத்தின் மேல் கோடு போட்டாள். மருந்து இல்லாத என் சூனியக்காரி அவளைப் பத்து மலை தாண்டி ஒற்றைக் கையால் ஊருக்கு இழுத்து வந்தாள். சரி, ஒரு மலை.

"இனிமே வெறும் புடவையோட வந்து வெட்டு வாங்க முடியாது. செங்கம்மா ஊர்ல கொல்லுப்பட்டறை வெக்கறா," என்றாள் ரோஹிணி. "பேஷா வையி, தெரிஞ்ச தொழிலுதானே," என்று சிரித்தார் தாமோதரன். அந்தச் சிரிப்பை அவள் அளவெடுத்து வைத்துக்கொண்டாள்.

மறுவாரம் கிஷோரைப் பிடித்தாள். "ஏம்பா, அடுத்தவங்க ஜாக்கெட்டே நமக்குப் பொருந்தாது. இரும்பு பொருந்துமா?"

கிஷோர் யோசித்தான். தாளில் புது விதி ஏறியது. இனிமேல் எந்தக் கவசமும் உடம்புக்கு அளவாகச் செய்யப்பட வேண்டும். அளவு ஜாக்கெட் கொடுப்பது போல, போட்டுப் பழகிய கவசத்தை அளவுக்குக் கொல்லரிடம் கொடுக்க வேண்டும். "ஏற்கெனவே போட்டுக்கினு இருக்கறதுக்கு இது செல்லாது," என்றார் தாமோதரன். ரோஹிணி மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

தாமோதரனுக்குக் கதையில் வரும் ராஜா உருக்குத் தகடு பரிசளித்திருந்தார். அதைக் கவசமாக்கிக்கொள்ள அவருக்கு அவசரம். ஊரில் இருந்ததோ ஒரே பட்டறை. தகட்டையும் மீன்செதில் கவசத்தையும் செங்கம்மாவின் முன் கொண்டுபோய் வைத்தார்.

"எப்பம்மா கெடைக்கும்?"

"வெள்ளிக்கிழம வாங்க சார்."

கதையில் வெள்ளிக்கிழமை வந்தது. "கை மட்டும் பாக்கி சார்." அடுத்த வெள்ளி, "வாரு வெச்சிட்டேன், காஜா எடுக்கணும்."

"இரும்புக்கு இன்னாம்மா காஜா?"

"வாருக்கு ஓட்டை வேணாமா? கொக்கிய எங்க மாட்டுவீங்க?"

"அப்ப அளவுக்குக் குடுத்ததையாச்சும் குடு."

"அளவ எடுத்துக்கினு போய்ட்டா நான் எத்தப் பாத்து செய்யறது?"

பிறகு துருத்தி கிழிந்தது. பிறகு ராஜா வீட்டுக் கல்யாண வேலை வந்துவிட்டது. வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகளின் சாக்குகளை முப்பது வருடம் கேட்டவள் நான். இத்தனை வகை கேட்டதில்லை.

ஏழு தலை அரக்கனின் குகைக்குப் போகும் நாள் வந்தது. குதிரை வீரர் பனியனோடு போனார். அரக்கனின் முதல் அடிக்கே பகடையில் உச்ச எண்ணான இருபது விழுந்தது, வீரரும் விழுந்தார். அப்போது செங்கம்மா குகைக்குள் நுழைந்தாள், மீன்செதில் கவசத்தோடு.

"அது நான் அளவுக்குக் குடுத்ததாச்சே!" என்று தாமோதரன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"போட்டுப் பாக்காம அளவு எப்பிடி சார் தெரியும்?" ரோஹிணி அவருடைய அட்டையை எட்டி எடுத்தாள். "கீழ விழுந்தவங்க கவசம் மொதல்ல எடுக்கறவங்களுக்கு. உங்ககிட்ட பனியன்தான் கீது. பரவால்ல, அத்தையும் எடுத்துக்கறேன். ரூல் அண்ட்டே ரூல்."

பனியன் மேல் நிதானமாகக் கோடு போட்டாள். பிறகு மனம் இளகி, மருந்து ஊற்றி அவரை எழுப்பினாள். உருக்குக் கவசத்தையும் முடித்து அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

இதை அவள் கடையிலேயே உட்கார்ந்து எழுதி, படித்தும் காட்டினேன். ஊசியில் நூல் கோத்தபடி கேட்டவள் கடைசி வரியில் நிமிர்ந்தாள்.

"மருந்து ஊத்துனது நெஜம். கவசத்தக் குடுத்துட்டேன்னு எழுதாத ஆயா. இன்னும் காஜா எடுக்கல."